வாய்க்காலை அளக்கும் பிள்ளைகள்

தேனி மாவட்டத்துக்கு வரும் நாளிதழ்களில் தினமும் ஒரு மூலையில் நாலைந்து வரிச் செய்தி ஒன்று இருக்கும். பெரியாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. அடுத்து வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி. கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைக்கு வருகிற சம்சாரிகள் அரசியல் செய்தியைத் திருப்பிவிட்டு முதலில் தேடுவது இதைத்தான். எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளும் தலைப்புச் செய்தியும் வாசித்து முடித்ததும், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முன்னால் வந்து இந்த வரிகளையும் வாசிக்கும். பிறகு அந்த எண்களை ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கும்.

நான் உத்தமபாளையம் பக்கம், வாய்க்கால் கரையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இதே ஆயக்கட்டில் இரண்டு போகம் நெல் நட்ட குடும்பத்தில் பிறந்தவள். இயற்கை வளங்களைக் காப்பது பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் அந்த நாலு வரியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஊருக்கு வரும் தண்ணீர் எங்கே பிறக்கிறது, எவ்வளவு வருகிறது, யார் யாருக்குப் போகிறது என்று அறியாத பிள்ளையிடம் “தண்ணீரைச் சேமிப்போம்” என்று ஆயிரம் தரம் சொன்னாலும் அது சுவரெழுத்தாகத்தான் நிற்கும்.

எங்கள் தண்ணீரின் கதை கொஞ்சம் நீளமானது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் சேருகிற ஆறு. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் அணை எழும்பியது. 1895 அக்டோபரில் திறந்தார்கள். தேக்கிய தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறக்கினார்கள். இப்போது அது லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு முல்லையாறாக ஓடி, பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சைக்குப் பாய்கிறது. தேனியைத் தாண்டி வைகையில் சேர்ந்து, வைகை அணை வழியாக மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போகிறது. பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 அன்று எங்கள் ஊர்களில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கதை எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அணை தண்ணீரை உண்டாக்குவதில்லை, தேக்கித்தான் தருகிறது என்பதை அவர்களுக்கு உறைக்கும்படி சொல்லியாக வேண்டியிருக்கிறது. அணைக்கு மேலே இருக்கிற காட்டில்தான் தண்ணீர் பிறக்கிறது. நாளிதழ் எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அணையின் மொத்த நீர்மட்டம் 152 அடி. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்க வழியில் தண்ணீர் எடுக்க முடியாது. ஆக, “நீர்மட்டம் 112 அடி” என்று படித்ததும் “112 அடித் தண்ணி இருக்கு” என்று பிள்ளைகள் குதிக்கும்போது, “நமக்கு எட்டுற தண்ணி எத்தனை அடி?” என்று கேட்பேன். கொஞ்ச நேரம் விரலை எண்ணிவிட்டு “எட்டே எட்டு அடிதான் டீச்சர்” என்பார்கள். அப்போது முகத்தில் ஒரு மாற்றம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லுவேன். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் உங்கள் வயதுப் பிள்ளையும் இதே எண்ணைப் படிக்கிறது. எண் ஏறினால் நமக்கு நிம்மதி, அந்தப் பிள்ளைக்குப் பயம். அணை பலமாக இருக்கிறதா இல்லையா என்று வழக்காடுவது பெரியவர்கள் வேலை. ஒரே தண்ணீரைப் பார்த்து இரண்டு வகையாக நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பதைப் பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

நல்ல வருஷங்களில் ஜூன் முதல் வாரத்தில் அணையைத் திறப்பார்கள். பள்ளிக்கூடமும் ஜூனில்தான் திறக்கும். முதல் மாதமே பிள்ளைகளை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய்விடுவேன். ஒரு வாய்க்காலில் வினாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டேப், அளவு குறித்த மூங்கில் கம்பு, கைக்கடிகாரம், மிதக்கிற பொருள் ஒன்று. இவ்வளவுதான்.

மிதக்கிற பொருளுக்குப் பிள்ளைகளின் முதல் தேர்வு எப்போதும் தெர்மாகோல். விட்டுப் பார்க்கட்டும் என்று நானும் விடுவேன். ஆனி, ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கும் மேல்காற்று ஆளையே தள்ளும். தெர்மாகோல் துண்டு தண்ணீரோடு போகாமல் காற்றோடு போகும். ஒருதரம் ஒரு வேகம், மறுதரம் வேறொரு வேகம், சில சமயம் கரையோரப் புல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று வாதம் நடக்கும். தண்ணீருக்குள் முக்கால்வாசி மூழ்கியபடி மிதக்கிற பொருள்தான் வேண்டும் என்று அவர்களாகவே வந்து சேருவார்கள். கடைசியில் எலுமிச்சம்பழம் ஜெயிக்கும். அதைக் காற்றால் அதிகம் தள்ள முடியாது.

வாய்க்கால் நேராகப் போகிற இடமாகப் பார்த்து, கரையில் 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி நடுகிறோம். மேல் குச்சிக்குச் சற்று முன்னால் பழத்தை நடுவாய்க்காலில் போட வேண்டும். மேல் குச்சியைத் தாண்டும்போது ஒரு பிள்ளை கை தூக்கும், கீழ்க் குச்சியைத் தாண்டும்போது இன்னொன்று. ஐந்து தரம் விட்டுச் சராசரி எடுப்போம். ஆழத்தைச் சிறுபாலத்தின் மேல் நின்று மூங்கில் கம்பை இறக்கி மூன்று நாலு இடத்தில் பார்ப்போம். தண்ணீரில் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. இரண்டு பெரியவர்கள் கூட இல்லாமல் நாங்கள் கரைக்கே போவதில்லை. தண்ணீர் திறந்த வாரங்களில் முல்லையாற்றில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அளவெடுப்புக்கு முன்னால் நான் நடத்தும் முதல் பாடம் அதுதான்.

வாய்க்காலின் அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 60 சென்டிமீட்டர், பழம் 10 மீட்டரைக் கடக்க 20 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேல்மட்டத்தில் ஓடுகிற வேகம் அடியில் இருக்காது. மண்ணும் பாசியும் இழுத்துப் பிடிக்கும். அதனால் 0.85-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்கிறோம். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 765 லிட்டர். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர் என்பதால் இது 27 கன அடி. நாளிதழில் வெறும் எண்ணாக இருந்த “கன அடி” அந்த நிமிஷம் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இந்தச் சின்ன வாய்க்காலில் ஒரே வினாடியில் ஓடிப்போவது கிட்டத்தட்ட பதினாலு பேரின் ஒரு நாள் தண்ணீர். இதைக் கணக்குப் போட்டதும் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “அப்ப எங்க தெருக் குழாயில மட்டும் ஏன் டீச்சர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருது?”

நல்ல பாடத்துக்கு அடையாளம் இப்படி ஒரு கேள்வி வருவதுதான். பாசனத்துக்கு எது, குடிக்க எது, மதுரைக்குக் குழாயில் போவது எது என்று அடுத்த இரண்டு வாரம் அந்தக் கேள்வியை வைத்தே ஓடியது.

அதே வாய்க்காலைக் கடைமடைக்குப் பக்கத்தில் இன்னொரு பாலத்தில் அளந்தோம். வந்த எண் மிகவும் குறைவு. தண்ணீர் எங்கே போயிற்று? நடுவில் வயல்களுக்கு மடை வழியாகப் பிரிந்தது போக மீதிக்குப் பதில் வேண்டும். ஊரில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஷட்டர் ஏற்றி இறக்கியே ஆயுளைக் கழித்தவர். பிள்ளைகள் அவரிடம் போனார்கள்.

“தாத்தா, மேல அவ்வளவு வருதே, கடைமடைக்கு ஏன் போய்ச் சேரல?”

“நான் சொன்னா நீங்க எழுதிக்கிட்டுப் போயிருவீங்க தம்பி. அப்புறம் அது என் கணக்கா இருக்கும். கரையோட நடங்க. கண்ணுல படுறதையெல்லாம் குறிங்க. நடந்துட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க.”

நடந்தார்கள். லைனிங் பெயர்ந்து கிடக்கும் இடங்கள், எருமை இறங்கி ஏறிக் கரை சரிந்த இடம், பாலத்தடியில் தண்ணீர் பாட்டிலும் பாலித்தீன் பையும் சேர்ந்து அடைத்துக்கொண்ட இடம், வாய்க்காலுக்குள் நேராக விட்ட மோட்டார் ஹோஸ்கள். எல்லாவற்றையும் ஒரு சார்ட்டில் நீளக் கோடு போட்டுக் குறித்தோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பென்சிலை வைத்துக்கொண்டு தயங்கினாள். “டீச்சர், எங்க மாமா மோட்டாரும் அங்க இருக்கு. அதையும் எழுதணுமா?”

“நீ என்ன நினைக்கிற பாப்பா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து “மோட்டார்” என்று மட்டும் எழுதினாள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி: எண்ணை எழுதுவோம், ஆள் பெயரை எழுத மாட்டோம். அந்தப் பிள்ளை அந்த ஊரில்தான் வாழ வேண்டும், அந்த மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஊரைத் திருத்துகிற பாரத்தை எட்டாம் வகுப்புத் தலையில் ஏற்றுவதற்கு நமக்கு உரிமை கிடையாது.

பெரியவரிடம் திரும்பிப் போனபோது அவர் சார்ட்டை மடியில் விரித்துப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். கசிந்து போன தண்ணீரையெல்லாம் நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள், மண்ணில் இறங்கியதுதான் பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நிலத்தடி நீர் பற்றி நான் படித்ததில்லை.

சுற்றுச்சூழல் பாடத்துக்குச் சட்ட பலமே இருக்கிறது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கல்வி நிலையங்களில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003-ல் மறுபடியும் வலியுறுத்தியது. 2001-ல் தேசியப் பசுமைப் படை வந்தது, பள்ளிகளில் சூழல் மன்றங்கள் வந்தன. அதற்கெல்லாம் முன்பே 1977-ல் திபிலிசி நகரில் உலக நாடுகள் கூடிப் பேசியபோது சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்கள் வகுத்தார்கள்: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நம் பள்ளிகளில் பெரும்பாலும் முதல் நோக்கத்தோடு நின்றுவிடுகிறோம். ஜூன் 5 வந்தால் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ. அந்தக் கன்று அடுத்த சித்திரை வெயிலைத் தாண்டியதா என்று கேட்க ஆள் இல்லை. ஓவியத்தில் பனிக்கரடி இருக்கும். பிள்ளையின் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை இருக்காது. பனிக்கரடி மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காகக் கம்பத்துப் பிள்ளை செய்யக்கூடியது மிகக் குறைவு, ஓடைக்குச் செய்யக்கூடியது நிறைய.

இந்த விஷயத்தில் நாட்டில் நடந்த நல்ல முயற்சி என்று நான் நினைப்பது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. 1987-லிருந்து குழந்தைகளுக்கு ‘துளிர்’ இதழ் நடத்துகிற அதே இயக்கம். பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலேயே ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, விசாரித்து, தங்கள் மொழியிலேயே அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு இரண்டு ஆண்டுக்கும் ஒரு மையப்பொருள். நிலவளம், ஆற்றல், வானிலையும் காலநிலையும் என்று வந்திருக்கிறது. ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் பெரிய மேடையில் ஏறித் தன் ஊர்க் கண்மாயைப் பற்றிப் பேசலாம் என்பதே பெரிய காரியம். பரிசு வாங்குகிற பிள்ளைகள் கொஞ்சம்தான். பரிசு இல்லாமல் திரும்பியவர்களிடமும் அந்த நோட்டு இருக்கும். ஊரைப் பற்றி அவர்களே எழுதிய முதல் ஆவணம் அது.

வயலில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும் என்றுதான் எங்கள் பக்கம் காலம்காலமாக நினைத்தோம். வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் சொல்லுகிற ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையில், கட்டிய தண்ணீர் வடிந்து மண்ணுக்குள் ஓரளவு இறங்கிய பிறகுதான் மறுபடி பாய்ச்ச வேண்டும். எவ்வளவு இறங்கியது என்று எப்படித் தெரியும்? சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் பாதிக்கு மேல் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் போதும். வெளியே நிலம் வெறுமையாகத் தெரியும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் மட்டம் தெரியும். நிலமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கினால் பாய்ச்சலாம், அதுவரை பயிருக்குக் குறைவில்லை. பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்கவிட வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பல நாடுகளில் பரப்பிய முறை இது. 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள்.

ஒரு மாணவனின் அப்பா ஒரு வயலில் மட்டும் குழாய் வைக்க ஒப்புக்கொண்டார். பக்கத்து வயல் வழக்கம்போல. பையன் தினமும் பள்ளிக்கு வரும் வழியில் ஸ்கேலை இறக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவான். “நாத்து வாடிப்போச்சுன்னா உங்க டீச்சரத்தான் கேப்பேன்” என்று அந்த அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். வாடவில்லை. இரண்டு வயலுக்கும் எத்தனை பாய்ச்சல் என்று அந்தப் பையன் வைத்திருந்த கணக்கைத்தான் அடுத்த போகத்தில் அவர் பக்கத்து வயல்காரர்களிடம் காட்டினார்.

திராட்சைத் தோட்டங்கள் வேறு கணக்கு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலாகப் பார்க்கலாம். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து மருந்தடிப்பும் அதிகம். காலி டப்பா வாய்க்கால் கரையில் கிடக்கும். டப்பாவைத் தொடக் கூடாது, தூரத்தில் நின்று பார்க்க வேண்டும், அதன் லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி என்ன நிறம் என்று மட்டும் குறிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை எல்லாவற்றிலும் குறைவு. இந்தப் பாடம் வீட்டுக்குள் போய்விட்டது. தண்ணீர் மொண்டு வைக்க அம்மா கழுவி எடுத்து வந்த டப்பாவில் மஞ்சள் முக்கோணம் இருப்பதைப் பார்த்து ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை அதை வீட்டுக்குள் வைக்கவே விடவில்லை என்று அவள் அப்பத்தா என்னிடம் வந்து சொன்னார்.

மேலே மலைக்கு வருவோம். மேகமலை மேல் பிள்ளைகளுக்கு ஆசை வரவழைக்க நான் எடுக்கும் பாடம் ஒரு வௌவால். 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்கிற இயற்கை ஆர்வலர் அந்த மலையின் ஹைவேவிஸில் பழம் தின்னும் வௌவால் ஒன்றைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வேறொரு சாதாரண இனமாகப் பதிவாகிக் கிடந்தது. 1972-ல் கிட்டி தொங்லோங்யா என்கிற தாய்லாந்து அறிவியலாளர் அதை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத தனிப் பேரினம் என்று கண்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அந்த வௌவால் கிடையாது. சின்னமனூரில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மலையில் இருந்து அறிவியலுக்கு ஒரு புது உயிர் போனது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வௌவால் தின்று துப்பும் கொட்டை காடாகிறது, காட்டின் சருகும் வேரும் மழையைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று அங்கிருந்து தொடருவேன். இரண்டு தட்டில் மண் எடுத்து, ஒன்றில் புல்லும் சருகும் வைத்து, மற்றதை வெறுமையாக விட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற சோதனை எல்லாப் பள்ளியிலும் செய்யலாம். வெறும் தட்டில் இருந்து கலங்கிய தண்ணீர் உடனே கொட்டும். அந்தக் கலங்கல்தான் வைகை அணையின் தேக்கத்தில் வண்டலாக உட்கார்ந்து தேக்குகிற கொள்ளளவைக் குறைக்கிறது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, “புலிக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு பெரிய காடு?” என்று கேட்டவர்களுக்கு நான் காட்டிய விடை அந்த இரண்டு தட்டுகள்தான். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த அந்தக் காட்டில்தான் வருசநாட்டு மலையும் இருக்கிறது, மூல வைகை பிறக்கிற இடமும் இருக்கிறது.

காட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்த ஆசிரியைகள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். விடியும் முன்னே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அம்மாக்கள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், அதனால் மரம் வேண்டும். எந்த மரத்தடியில் ஈரம் காயாது, எந்தப் பாதையில் யானை இறங்கும், எந்த வருஷம் சாரல் குறைந்தது எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. “இன்னைக்கு அம்மாகிட்ட மலையில என்ன பார்த்தாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க” என்பது நான் கொடுக்கும் வீட்டுப்பாடங்களில் பிள்ளைகள் தட்டாமல் செய்வது. கூலி வேலை என்று சொல்லக் கூச்சப்பட்ட ஒரு பிள்ளை, தன் அம்மா சொன்ன இருவாச்சிப் பறவையின் கதையை வகுப்பு முன்னால் வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2023 மே மாதத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இடுக்கி சின்னக்கானலில் ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு மே 27 காலையில் கம்பம் நகருக்குள் நுழைந்தது. 144 தடையுத்தரவு போட்டார்கள். யானை தாக்கிக் காயம்பட்ட ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5 அன்று பிடித்து, களக்காடு-முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளி திறந்ததும் எங்கும் அதே பேச்சு. வில்லன் என்று பாதிப் பேர், பாவம் என்று பாதிப் பேர். நான் ஒரு வரைபடத்தை விரித்து யானை நடந்த வழியைக் குறிக்கச் சொன்னேன். மாநில எல்லைக் கோடு யானைக்குத் தெரியாது என்பதும், மலைக்கு அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வரை காடு ஒரே காடு என்பதும் அவர்கள் விரலுக்கே தெரிந்தது. இறந்தவரின் குடும்பத்தைப் பற்றியும் பேசினோம். யானையைக் காக்க வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் அந்த வீட்டு வாசலில் நின்றும் அதைச் சொல்ல முடிய வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

பிள்ளைகள் அளந்த கணக்கு நோட்டுக்குள்ளேயே கிடந்தால் அவர்கள் சோர்ந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தரம் கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அதில் ஒன்று. எங்கள் வாய்க்கால் சார்ட்டை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் பேசவில்லை, பெற்றோர் ஒருவர் வாசித்தார். பாலத்தடி அடைப்பை எடுப்பது பற்றி உடனே ஒத்துக்கொண்டார்கள். ஜூனுக்கு முன்னால் எடுத்தும் விட்டார்கள். லைனிங் வேலை துறைக்கு எழுதிப்போட்டதோடு நிற்கிறது. மோட்டார் பேச்சு வந்ததும் கூட்டத்தில் சத்தம் ஏறியது. “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வச்சு எங்களைக் கணக்கெடுக்குறீங்களா டீச்சரம்மா?” என்று ஒருவர் கேட்டார். பெயர் எதுவும் இல்லாத அந்தச் சார்ட்டை அவரிடமே கொடுத்தேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார். மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன; அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பாசனக்காரர்களும் துறையும்.

இப்போது எட்டாம் வகுப்பில் ஒரு விவாதம் ஓடுகிறது. அடைப்பு எடுத்த பிறகு கடைமடையில் அளந்தால் எண் கூடத்தான் செய்யும். ஆனால் அந்த வாரம் அணையில் அதிகம் திறந்திருந்தால்? அடைப்பு எடுத்ததால் கூடியதா, அதிகம் திறந்ததால் கூடியதா என்று எப்படிப் பிரிப்பது? கணக்கில் எப்போதும் தடுமாறுகிற ஒரு பையன்தான் வழி சொன்னான்: “ரெண்டு பாலத்துலயும் ஒரே நாள்ல அளப்போம் டீச்சர். எவ்வளவு வந்துச்சுன்னு பாக்க வேணாம். மேல வந்ததுல எத்தனை பங்கு கீழ வந்துச்சுன்னு மட்டும் பாப்போம்.” ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அளக்க இரண்டு டேப்பும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஆள் கேட்டிருக்கிறோம். இதுவரை ஒரு அப்பாவும் ஏலத்தோட்டத்துக்குப் போகாத நாளாகப் பார்த்து வருவதாகச் சொன்ன ஒரு அம்மாவும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.